கூறைச் சட்டையும் சுவீடன் பாடமும்

நான்கு வருடங்களுக்கு முன், ஓர் ஆவணி மாதத்தில், அடம்பனில் எனக்குக் கல்யாணம். நான் கணித ஆசிரியை. எதற்கும் லேசில் பதறுகிற ஆள் இல்லை. மணவறையிலும் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். "பொம்பிளைக்குக் கொஞ்சமும் வெக்கமில்லை" என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. விழட்டும்!

மாப்பிள்ளை கையால் கூறைச் சேலையை வாங்கிக்கொண்டு, உடுத்தி வர உள்ளே போனேன். அங்கேதான் வந்தது வினை. கூறையோடு போடவேண்டிய சட்டை எனக்கு ஏறவே இல்லை. அளவு கொடுத்த பிறகு சொந்தக்காரர் வீட்டு விருந்து ஒன்றையும் நான் விடவில்லையே! இழுத்த இழுப்பில் பக்கத் தையலும் பிரிந்துவிட்டது. வெளியே ஐயர் அவசரப்படுத்துகிறார். தாலி கட்டும் நேரம் தவறினால் ஊர் வாய் சும்மா இருக்குமா? நாளைக்கு எங்கள் வீட்டில் ஒரு பானை உடைந்தாலும் அதைத்தான் சொல்லும். எனக்கே கண் கலங்கிவிட்டது.

வேறு சட்டை போட்டால் அபசகுனம் என்றார் மாமி, அதாவது மாப்பிள்ளையின் அம்மா. தையல் தெரிந்த பெண்களோ கூறைச் சட்டையில் கைவைக்கப் பயந்து ஆளையாள் பார்த்தார்கள்.

சத்தம் கேட்டுக் கதவைத் தட்டியது மாப்பிள்ளையின் சித்தப்பா மகன். சுவீடனில் பிறந்து வளர்ந்தவன், தாடி வைத்த நெடிய ஆள்.

"சட்டையையும் ஊசிநூலையும் தாங்கோ அண்ணி, நான் தைச்சுத் தாறன்."

மாமிக்கு வந்ததே கோபம்! "பகிடி விடுற நேரமோடா இது? உனக்கென்ன தையல் தெரியும்?"

"பள்ளிக்கூடத்தில படிச்சனான் பெரியம்மா. அங்க தையலும் மரவேலையும் பெடியன், பெட்டை எல்லாருக்கும் பாடம்."

"கூறைச் சட்டையில கத்தரிக்கோல் வைக்கப் போறியோ?"

"துணியை வெட்டமாட்டன், தையலைத்தான் பிரிக்கப்போறன்."

நான் முடிவெடுத்துவிட்டேன். கதவிடுக்கால் சட்டையை நீட்டினேன். "குடுத்திட்டன் மாமி. வாறது வரட்டும்."

வெளியே ஒரு கதிரையில் அமர்ந்தான். மிச்சத் தையலையும் பிரித்து, உள்ளே மடித்து விட்டிருந்த துணியை வெளியே எடுத்து, பொடிப்பொடித் தையலாகப் போட்டான். அங்கே நின்ற ஆண்கள் சிரித்தார்கள். அவன் தலை நிமிரவில்லை. எட்டிப் பார்த்த பெண்கள் இன்னும் கிட்ட வந்து பார்த்தார்கள். சட்டை கச்சிதமாக ஏறியது. ஐயர் சொன்ன நேரத்துக்குத் தாலியும் ஏறியது.

போன வருடம் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு மாணவன், தையலும் சமையலும் சொல்லித்தரும் மனைப்பொருளியல் பாடத்தைப் படிக்க ஆசைப்பட்டான். அவனுடைய அப்பா சண்டைக்கு வந்துவிட்டார். "பெடியன் ஊசி பிடிக்கிறதோ ரீச்சர்?"

"ஐயா, ஒரு பெடியன் ஊசி பிடிச்சதாலதான் என்ர கல்யாணமே நேரத்துக்கு நடந்தது" என்று முழுக் கதையையும் சொன்னேன். மனிதர் சிரித்துவிட்டார். மகன் அந்தப் பாடத்தைத்தான் படிக்கிறான்.

இது ஆணுக்கான பாடம், அது பெண்ணுக்கான பாடம் என்று யாராவது பிரித்துப் பேசினால், கழுத்துத் தாலியைப் பிடித்துக்கொண்டு இன்றைக்கும் நான் வாதாடப் போவேன்.