இரண்டரைக் கிலோதான் என்று நம்பினேன்

என் மகள் நிவேதா இந்த வருடம் நசரத்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் அனிமேஷன் சேர்ந்தாள். கேமிங் லேப்டாப்தான் வேண்டும் என்றாள். கள்ளிக்குப்பத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறித் தூக்கிப் போக வேண்டும்.

அம்பத்தூர் கடையில் ஒருவர் ரேம்தான் முக்கியம் என்றார். இன்னொருவர் கிராபிக்ஸ் கார்டு என்றார். எனக்குத் தலை சுற்றியது. புரிந்தது எடை மட்டும்தான். இரண்டரைக் கிலோ என்று எழுதியிருந்த ஒன்றுக்கு பில் போடச் சொல்லிவிட்டேன்.

"சார்ஜர் எங்கண்ணா?" என்றாள் நிவேதா. கடைக்காரர் செங்கல் கனத்தில் ஒன்றை எடுத்து வைத்தார்.

"இதையும் தினம் தூக்கணுமா?" என்றேன்.

"பின்ன இன்னாம்மா? இது இல்லாங்காட்டி ஒரு மணி நேரம்கூட தாங்காது."

இரண்டையும் அவளுடைய புத்தகப் பையில் வைத்து, கடையின் மாடிப்படியில் ஏறி இறங்கச் சொன்னேன். இரண்டாவது தடவையே தோளைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, பஸ்ல நின்னுகினு போணும். என்னால முடியாதும்மா."

பில்லை நிறுத்தச் சொல்லி, சின்னத் திரையும் சின்ன சார்ஜரும் உள்ளதை வாங்கினோம். அவள் படிப்புக்கு அது போதுமா என்று எனக்கு இன்னும் குழப்பம்தான். ஆனால் இப்போதெல்லாம் எதை வாங்கினாலும், பெட்டிக்குள் இருப்பது முழுவதையும் வெளியே எடுத்துவைக்கச் சொல்லி, தூக்கிப் பார்த்த பிறகே பணம் கொடுக்கிறேன்.

– ச. மல்லிகா, கள்ளிக்குப்பம்