தண்டவாளம் இல்லாத கைகாட்டி

உபயோகத்தில் இல்லாத கைகாட்டியின் மேல் இரண்டு சட்டங்களைப் பெருக்கல் குறி போலக் குறுக்காக அடிக்க வேண்டும். அதில் விளக்கு ஏற்றக் கூடாது. ரயில்வேயின் பொது விதிப் புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. அந்தப் புத்தகத்தில் இவ்வளவு தெளிவான விதிகள் அதிகம் இல்லை. நான் மாஸ்டராக இருந்த ஸ்டேஷனில் மூன்று வருடம் இந்த விதி நடக்கவில்லை. எனக்குத் தெரிந்தேதான்.

1991இல் திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மீட்டர்கேஜ் ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்தேன். சுற்றுக் கிராமங்களில் யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை, ஜங்ஷன் என்பார்கள். ஒரு காலத்தில் அங்கிருந்து கல் குவாரிக்கு ஒரு கிளைப்பாதை பிரிந்தது. குவாரி மூடியதும் தண்டவாளம், ஸ்லீப்பர், பாயிண்ட் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். குவாரியிலிருந்து வரும் வண்டியை நிறுத்தி அனுப்பும் கைகாட்டியை மட்டும் மறந்துவிட்டார்கள். அது முனுசாமி என்ற விவசாயியின் மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலைக் கொல்லை, நடுவே நின்றது. ரயில்வே நிலம்தான், முனுசாமி ஒப்புக்கொள்ள மாட்டார்.

முதல் நாள் சாயங்காலம் லாம்ப்மேன் ஏழுமலை மற்ற கைகாட்டிகளுக்கு மண்ணெண்ணெய் விளக்கு வைத்துவிட்டு, கடைசி விளக்கோடு கொல்லைக்குள் இறங்கினார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

"நிறுத்தச் சொல்லி ஆர்டர் வரலியே சார். வந்தா நிறுத்திடறேன்."

அறைக்குள் போய் ஸ்டேஷன் வொர்க்கிங் ரூல்ஸ் வரைபடத்தைப் பார்த்தேன். கோட்ட அலுவலகத்தின் முத்திரையோடு அந்தக் கைகாட்டி அதில் இருந்தது. ஏழுமலை சொன்னது சரி. எழுத்தில் இருக்கிற கைகாட்டிக்கு இருட்டும் முன் விளக்கு வைக்க வேண்டும். வைக்காவிட்டால் விளக்கம் கேட்டு எனக்குத்தான் மெமோ வரும்.

கடிதம் எழுதித் தெளிவு கேட்பதுதான் முறை. ஏழுமலை தடுத்தார். "எழுதாதீங்க சார். வெளக்கு எண்ணிக்கைய வெச்சுத்தான் என் போஸ்டு. ஒண்ணு கம்மியானா என்னையும் கம்மி பண்ணிடுவாங்க."

எழுதவில்லை. அதை இரக்கம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். சோம்பலும் பாதி இருந்தது. முனுசாமி மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா சார், குவாரி எக்ஸ்பிரஸ் லேட்டா? மல்லாட்டைய ஓரமா எடுத்து வெக்கட்டா?" என்பார்.

1994 ஆனி பௌர்ணமியன்று சாயங்காலம் ஏழுமலை அந்தக் கைகாட்டியிலிருந்து விழுந்தார். ஏணிப்படி துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. சிக்னல் பிரிவின் பட்டியலிலிருந்து அந்தக் கைகாட்டி எப்போதோ நீக்கப்பட்டுவிட்டதால் ஏணியை யாரும் சோதிக்கவில்லை. முனுசாமிதான் மாட்டு வண்டியில் தூக்கிவந்தார். கிரிவலக் கூட்டத்தில் நீந்தித்தான் ஊருக்குள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். இடுப்பு எலும்பு முறிவு.

பணியில் பட்ட காயம் என்றால் விடுப்பு உண்டு. காலுக்குப் பழைய தெம்பு திரும்பாவிட்டாலும் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுப்பார்கள். இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஐந்தாம் நாள் ரயில்வே டிராஃபிக் இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்தார். கோட்ட அலுவலகத்தில் இருக்கும் வரைபடத்தில் அந்தக் கைகாட்டியே கிடையாது என்றார்.

"இல்லாத லைனுக்கு வெளக்கு ஏத்தப் போனான்னு நான் எழுதணுமா? மல்லாட்டை புடுங்கப் போயி வுழுந்தான்னு எவனாச்சும் சொன்னா நீங்க இன்னா பண்ணுவீங்க?"

எங்கள் வரைபடத்தைக் காட்டினேன். அது பழசு என்றார். புதியது எந்தத் தேதியில் இந்த ஸ்டேஷனுக்கு அனுப்பப்பட்டது என்று கேட்டேன். அவர் பேச்சை மாற்றினார்.

"சரி, இந்த நாலு நாளா அங்க வெளக்கு ஏத்துறது யாரு?"

"நான்தாங்க."

ஸ்டேஷன் டைரியை நீட்டினேன். நான்கு நாளும் என் கையெழுத்தில் பதிவு இருந்தது. ஆறு மணிக்கு அடுத்த மாஸ்டரிடம் பொறுப்பைக் கொடுத்த பிறகு, முனுசாமியிடம் இரவல் வாங்கிய மூங்கில் ஏணியில் ஏறி நானே விளக்கு வைத்தேன். ஏழுமலை விழுந்த நாளோடு நிறுத்தியிருந்தால், அந்த விளக்கு எப்போதுமே வேண்டியதில்லை என்று என் டைரியே சாட்சி சொல்லும்.

அன்றைக்கே, மூன்று வருடம் முன்பு எழுதியிருக்க வேண்டிய கடிதத்தை எழுதி அவர் கையிலேயே கொடுத்தேன். கிளைப்பாதைக் கைகாட்டியில் விளக்கு ஏற்ற வேண்டுமா, வேண்டாமா? பதில் வரும்வரை வழக்கம்போல் ஏற்றப்படும். நகலில் அவருடைய கையெழுத்தையும் வாங்கிக்கொண்டேன்.

அவர் இரண்டு முறை படித்தார். "வேணும்னு எழுதினா அவன் டூட்டியில இருந்தான்னு ஆவுது. வேணாம்னு எழுதினா ஏன் இத்தினி வருசம் சொல்லலன்னு ஆவுது. யார் சார் இதுக்குப் பதில் எழுதுவாங்க?"

"அதுவரைக்கும் நான் ஏறுறேங்க."

ஒன்றரை மாதம் ஏறினேன். ஐம்பது வயதுக்கு மேல் ஏணி ஏறுவதைப் பற்றி எந்த விதியும் இல்லை. நினைவூட்டுக் கடிதம் மட்டும் வாரம் ஒன்று போனது. ஆஸ்பத்திரியில் ஏழுமலை தன் இடுப்பைப் பற்றிப் பேசவில்லை. "திரிய வெட்டிட்டு ஏத்துறீங்களா சார்? இல்லன்னா கண்ணாடியில கரி புடிச்சிரும்" என்றார். அதுவரை நான் வெட்டியதில்லை.

இளைய மாஸ்டர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. விதி நடக்கவில்லை என்று தெரிந்த வாரமே எழுதிக் கேளுங்கள். நான் அப்போதே எழுதியிருந்தால் ஏழுமலை அந்த ஏணியில் ஏறியிருக்கவே மாட்டார். வேலை போகும் என்று அவர் பயந்தாரே, அதற்கும் எழுதிப் போராட வழி இருந்தது. அவர் கேட்டுக்கொண்டார் என்பது என் டைரியில் எழுதக்கூடிய காரணம் அல்ல.

என் கடிதத்துக்குக் கடைசியில் வந்த பதில் இரண்டே வரி. இக்கடிதம் கிடைக்கும் நாள் முதல் மேற்படி கைகாட்டியில் விளக்கு ஏற்ற வேண்டியதில்லை. குறுக்குச் சட்டம் அடிக்க ஆள் வருவார். கிடைக்கும் நாள் முதல் வேண்டியதில்லை என்றால், அதற்கு முந்தைய சாயங்காலம்வரை வேண்டியிருந்தது. அதன் நகலை ஏழுமலையின் விபத்துப் படிவத்தோடு இணைத்து, 'பணியில் இருந்தபோது' என்ற இடத்தில் ஆம் என்று எழுதி அனுப்பினேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. பிறகு கைத்தடியோடு வந்த ஏழுமலைக்கு டிக்கெட் அறையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்தது.

கடிதம் வந்த அன்றே அசலின் ஓரத்தில் ஸ்டேஷன் முத்திரையைக் குத்தி, பெற்றுக்கொண்ட தேதியை எழுதியிருந்தேன்: 9-8-1994.