உலர்ந்து வந்த சட்டை

ஜெயசீலன் 1979 முதல் 2009 வரை ஒரே வேலைதான் பார்த்தார். சட்டைகளை எடை போட்டார். வெயிலில் உழைப்பவர்களுக்கான உடுப்புகளைச் சோதிக்கும் ஒரு சிறிய தனியார் கூடம் அது. போபோடி என்ற புறநகரில் இருந்த அவர் வீட்டிலிருந்து சைக்கிளில் பன்னிரண்டு நிமிடம்.

மே மாதம் வந்தால் நான்கு பேரை ராஜஸ்தான் பாலைவனத்துக்குக் கூட்டிப்போய் நடக்கவிடுவார்கள். நடைக்கு முன்னும் பின்னும் ஆளைத் தனியாகவும் சட்டையைத் தனியாகவும் நிறுக்க வேண்டும். ஆளின் எடை எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து மொத்த வியர்வை தெரியும். சட்டையில் ஏறிய எடை, ஆவியாகாமல் தங்கிய வியர்வை. ஆவியாகிற வியர்வைதான் உடம்பைக் குளிர்விக்கும் என்பதால், சட்டை எவ்வளவு உலர்ந்து வருகிறதோ அவ்வளவு நல்ல துணி என்பது அவர்கள் கணக்கு.

ஒரு விதியும் உண்டு. நடந்து வந்தவரிடம் நிறுப்பவர் பேசக்கூடாது. பேசினால், நடந்தவர் இவர் முகத்துக்காகத் துணியைப் புகழ்ந்துவிடுவார். எல்லா எடையும் முடிந்த பிறகு வேறொருவர் தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்.

1996ஆம் ஆண்டு நடந்தவர்களில் அந்தோணியும் ஒருவன். ஜெயசீலனின் மனைவி ஸ்டெல்லாவுக்குத் தம்பி, வயது இருபத்தொன்பது. ஜெயசீலன் சொல்லித்தான் வந்தான். விதி அவன் வாயைக் கட்டவில்லை.

"அத்தான், மார்க்கெட்ல காய்கறி நிறுக்கிற மாதிரி நிறுக்கீகளே, கொத்தமல்லி சும்மா போடுவீகளா?" என்றான் முதல் நாள்.

ஜெயசீலன் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். முதல் இரண்டு நாளும் அவன் சட்டையில் நூற்றைம்பது கிராமுக்குக் குறையாமல் வியர்வை தங்கியிருந்தது.

மூன்றாம் நாள், மே 21. நிழலில் 46 டிகிரி. அந்தோணிக்குத் தொளதொளப்பான புது நெசவுச் சட்டை. அதை அதுவரை யாரும் போட்டு நடக்கவில்லை. அவன் கடைசியாக வந்தான். பகல் 1.34க்குச் சட்டையைக் கழற்றித் தராசின் மேல் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய் உட்கார்ந்தான். பயல் இன்றைக்காவது விதியை மதிக்கிறானே என்று ஜெயசீலன் நினைத்துக்கொண்டார். சட்டையில் ஏறியிருந்தது ஒன்பது கிராம். துணி பிரமாதம் என்று அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

நான்கு சட்டைகளையும் பைகளில் கட்டிய பிறகுதான் ஆட்களின் முறை. 1.52க்கு அந்தோணி மேடைத் தராசில் ஏறினான். மொத்த வியர்வை 640 கிராம்தான் வந்தது. முந்தின நாள் 2,600. தராசு பழுதோ என்று ஜெயசீலன் குனிந்து முள்ளைப் பார்த்தார். நிமிர்வதற்குள் அந்தோணி சரிந்து அவர் தோளில் விழுந்தான். தோல் காய்ந்து, அடுப்பு மாதிரி கொதித்தது. துணி வியர்வையைப் போக்கவில்லை. வியர்வையே நின்றுபோயிருந்தது.

ஆஸ்பத்திரி தொண்ணூறு கிலோமீட்டர். ஜீப் பாதி வழி போவதற்குள் உயிர் போய்விட்டது.

அடக்கம் முடிந்த ஒன்பதாம் நாள் ஜெயசீலன் வேலைக்குப் போனார். அழுகை வரவில்லை. மேலாளர் ரங்கராஜன் பதிவேட்டைத் திறந்துவைத்திருந்தார்.

"மூணாம் நாள் பக்கத்தை எடுத்துடலாம், ஜெயசீலன். நடக்கறச்சே விழுந்துட்டார்னு ரிப்போர்ட் போயிடும். உங்க வீட்லயும் யாரும் எதுவும் கேக்க மாட்டா."

"1.34ன்னு எழுதியிருக்கேன், சார்."

"அதனாலதான் சொல்றேன்."

ஜெயசீலன் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார். குறிப்புக் கட்டத்தில், 'வியர்வை நின்றதால் உலர்ந்தது. 1.34க்கே தெரிந்திருக்க வேண்டும். ஆளைப் பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரங்கராஜன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் ஸ்டெல்லா வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்து, அந்த மூன்றாம் நாளின் நேரங்களை வரிசையாகச் சொன்னார்.

"பதினெட்டு நிமிஷமா?"

"ஆமா."

"பக்கத்துலதான இருந்தான்?"

"ஆறடி இருக்கும்."

"தொட்டுக்கூடப் பாக்கலியா, நீங்க?"

"இல்ல. சட்டையத்தான் தொட்டேன்."

அவள் மீதமிருந்த கீரையையும் ஆய்ந்து முடித்தாள். முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து செருப்பை மாட்டினாள். இரண்டு சந்து தள்ளி அவள் அம்மா ஜெபமணியின் வீடு.

"நானும் வரட்டுமா?" என்றார் ஜெயசீலன்.

"வாங்க. அம்மாட்ட நீங்களே சொல்லுங்க."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு அவளுக்குப் பின்னால் இறங்கினார்.