வெண்ணெயைப் பட்டர் ஆக்கியவன்

கிள்ளானில் இன்று நிற்கும் குளிர்க்கிடங்குகளில் இரண்டு நான் கட்டியவை. காசைக் கொடுத்துவிட்டு நிழலில் நின்று கட்டச் சொன்னது அல்ல, முதல் கிடங்கின் சுவருக்கு சிமெண்ட் குழைத்தது இந்தக் கை. கடன் கேட்டுப் போன இடத்தில், விண்ணப்பப் பாரம் நிரப்பத் தெரியாதவனுக்குக் கடன் எதற்கு என்று சிரித்தார்கள். நான் யாரோ கழித்துப் போட்ட ஐஸ்கிரீம் லோரியை வாங்கி, அதன் மோட்டாரை நானே பிரித்து மாட்டி, அதில் பட்டர் ஏற்றினேன். இப்போது செராஸ், அம்பாங், சுங்கை பூலோ வரைக்கும் ரொட்டிக்கடைக்காரர்கள் என் லோரியின் சத்தம் கேட்ட பிறகுதான் மாவில் கை வைக்கிறார்கள். இத்தனைக்கும் நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன். என் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், சொல்லும் விஷயத்தில் பிழை இருக்காது.

பட்டர் விலை ஏன் ஏறுகிறது என்று படித்தவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நியூசிலாந்தில் மழை பொய்த்தால் புல் காயும், புல் காய்ந்தால் பால் குறையும். அதே நேரத்தில் சீனா அள்ளிக்கொண்டு போனால், மீதிக்கு நாங்கள் அடித்துக்கொள்வோம். நம் ரிங்கிட் கொஞ்சம் படுத்தால் போதும், அங்கே விலை அசையாவிட்டாலும் இங்கே ஏறிவிடும். பாதிக் கடைக்காரர்கள் மார்ஜரினுக்குத் தாவுவார்கள். விலை இறங்கியதும், "பாஸ், பழைய சரக்கே போடுங்க" என்று போன் வரும். இதையெல்லாம் நான் எந்தக் கல்லூரியிலும் கற்றுக்கொள்ளவில்லை. எனக்கு இந்தப் பாடம் ஒன்பது வயதில், என் வீட்டு அடுப்படியிலேயே ஆரம்பித்துவிட்டது.

அப்போது நாங்கள் கிள்ளானில் ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, நான். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. பக்கத்து வீடு என்று சொல்ல ஒன்று இருந்தது, ஆனால் நடுவில் ஒரு சதுப்பு. கத்திக் கூப்பிட்டால்கூடக் கேட்காது. அம்மா இரண்டு எருமைகள் வைத்திருந்தார். பாலைத் தயிராக்கி, கடைந்து, வெண்ணெயை உருட்டிப் பானைத் தண்ணீரில் மிதக்கவிடுவார். வெள்ளை வெளேரென்று இருக்கும். அப்பாவுக்கு போர்ட் கிள்ளானில், கப்பல் சரக்கு இறங்கும் குளிர்க்கொட்டகையில் மூட்டை தூக்கும் வேலை. விடிந்து வீடு வந்தால் வெயிலில் நின்று கை காலைச் சூடாக்கிக்கொள்வார். பிறகு சாயங்காலம் வரை தூக்கம். அவர் தூங்கும் வீட்டில் பேசக் கூடாது. நானும் அம்மாவும் சைகையிலேயே குடும்பம் நடத்தினோம்.

"இன்னைக்கும் பட்டர்தான். பெட்டி பெட்டியா வருது" என்று அப்பா சொல்லிவிட்டுப் படுப்பார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பட்டரும் வெண்ணெயும் ஒன்றே என்று எனக்குத் தெரியாது. வெண்ணெய் என்றால் வெள்ளை, எருமை கொடுப்பது, அம்மாவுடையது. பட்டர் என்றால் மஞ்சள், உப்புக் கரிப்பது, கப்பல் கொண்டுவருவது. ஒன்று வாழைப்பழம், இன்னொன்று பலாப்பழம் என்பது போல. இரண்டையும் ஒரே சொல்லால் யாரும் என் முன்னால் சொன்னதே இல்லை.

அம்மாவின் வெண்ணெயை வாங்கிய வீடுகள் ஒவ்வொன்றாக வேண்டாம் என்றன. கடைசியில் மிஞ்சியவர் ஒரு சீன ரொட்டிக்கடைக்காரர். எல்லாரையும் போல நாங்களும் அவரை, முதலாளி என்ற அர்த்தத்தில், தவுக்கே என்றே கூப்பிட்டோம். வாரம் ஒருமுறை நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் தகர டின்னில் வெண்ணெயைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒருநாள் அவரே சைக்கிளில் வீட்டுக்கு வந்துவிட்டார். எங்களிடம் பேசிப் பேசி ஒரு தமிழ் வைத்திருந்தார்.

"வெள்ளை வேணாம் லா அக்கா. ஆளுங்க பட்டர் கேக்குது. மஞ்சள் பட்டர். நான் என்ன செய்யும்?"

இந்த மாதம் வரைக்கும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர். போகும்போது எருமையைத் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பிரிக்பீல்ட்ஸிலிருந்து பெரியம்மா வந்துவிட்டார். அவருக்குத் தெரிந்த ஒரு வக்கீல் வீட்டில் சமைக்க ஆள் வேண்டும். அங்கேயே தங்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வரலாம். எருமைகளை விற்றுவிடலாம்.

"இவன்?" என்று அம்மா என்னைக் காட்டிக் கேட்டார்.

"இவனுக்கு என்ன, ஆம்பளப் பிள்ள. ஸ்கூல்ல பால் கொடுக்கிறாங்க, ரொட்டி கொடுக்கிறாங்க. ஒன் வீட்டுக்காரர் இருக்கார்ல."

அப்பா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "கப்பல்ல வர்றதுக்கு நான் என்ன பண்ண முடியும்? தூக்கச் சொன்னா தூக்குறேன்" என்றார். யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அவராகவே சொன்னார்.

மாதம் முடிந்ததும் போவதாக முடிவானது. தூங்கும் அப்பாவோடு, பேசக் கூடாத அந்த வீட்டில் நான் தனியாக இருக்கப் போகிறேன் என்பது எனக்கு நன்றாகப் புரிந்தது. தவுக்கே வெண்ணெயை வேண்டாம் என்றால் அம்மா போய்விடுவார். தவுக்கேவுக்கு வேண்டியது பட்டர். ஆக, வெண்ணெயைப் பட்டராக்கிவிட்டால் அம்மா இருப்பார். பெரியவர்கள் ஒருவருக்கும் தோன்றாதது ஒன்பது வயதில் எனக்குத் தோன்றியது. என் வியாபார மூளை அன்றைக்கே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று நான் சொன்னால் அது தற்பெருமை இல்லை.

ஒரு பொட்டலத்தில் மஞ்சள்தூளும் இன்னொன்றில் உப்பும் கட்டி, புத்தகப் பையில் மறைத்துக்கொண்டேன். ரயில் பாதை ஓரத்தில் ஒரு சிறு பாலம் இருந்தது. அதன் கீழே உட்கார்ந்து டின்னைத் திறந்து தண்ணீரை வடித்தேன். முதலில் ஒரு உருண்டையில் மஞ்சளைக் குழைத்து, பிறகு அதை மற்ற எல்லாவற்றோடும் சேர்த்துப் பிசைந்தேன். எடுத்த எடுப்பில் அதிகம் போட்டுவிடவில்லை. நிறம் பார்த்துப் பார்த்து, அப்பா ஒருமுறை கிழிந்த பெட்டியிலிருந்து கொண்டுவந்த பட்டர் எந்த நிறமோ அந்த நிறம் வந்ததும் நிறுத்தினேன். உப்பையும் நக்கிப் பார்த்துச் சரிசெய்தேன்.

தவுக்கே விரலில் தொட்டு வாயில் வைத்தார். ரொட்டியில் தடவித் தின்றார். எப்படி இந்த நிறம் என்று கேட்டார்.

"புல்லு மாத்திட்டோம் தவுக்கே."

அது பொய். ஆனால் நாற்பது வயதில் நியூசிலாந்து வியாபாரி ஒருவர் எனக்கு விளக்கியபோதுதான் தெரிந்தது: பச்சைப் புல் மேய்கிற பசுவின் வெண்ணெய் மஞ்சளாகத்தான் வரும், நிறமே புல்லிலிருந்துதான். எருமைக்கு மட்டும் எதைத் தின்றாலும் வெள்ளை. யாரும் சொல்லித் தராமலே முக்கால் உண்மையை நான் சொல்லியிருக்கிறேன்.

"இது பட்டர் லா. வர்ற வாரம் ரெண்டு டின் கொண்டா" என்றார் தவுக்கே.

பள்ளிக்கூடத்தில் என் கையைப் பார்த்து, "என்னடா, நலங்கு வச்சாங்களா? பொண்ணு எந்த ஊரு?" என்று கேலி செய்தார்கள். சந்தோஷத்தில் அன்று எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

அம்மாவால் நம்ப முடியவில்லை. தவுக்கே கூடுதலாகக் கேட்கிறார் என்று அப்பாவை எழுப்பிச் சொன்னார். அந்த வீட்டில் அப்பாவை எழுப்பிச் சொன்ன ஒரே சேதி அதுவாகத்தான் இருக்கும். பெரியம்மாவிடம், "கொஞ்சம் பொறுக்கா, பாப்போம்" என்று சொல்லி அனுப்பினார். மாதம் முடிந்தது. அம்மா போகவில்லை. மத்தில் கயிறு இழுக்கும்போது மெதுவாகப் பாடக்கூடச் செய்தார். என் உள்ளங்கையை அவர் பார்க்காதபடி நான் சோற்றை அவசரமாகப் பிசைந்து தின்றேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை தவுக்கே வந்தார். எருமை பக்கம் திரும்பவே இல்லை. காகிதத்தில் சுற்றியிருந்ததைப் பிரித்து அம்மா முன் வைத்தார். கேக். உள்ளே முழுக்கச் செம்புள்ளி, ஓரங்களில் செங்கல் நிறம்.

சாவு வீட்டுக்குச் செய்த கேக் அது. இத்தனை நாளும் என் பட்டரை ரொட்டிக்குத்தான் தடவியிருக்கிறார். அன்றைக்குத்தான் முதல்முறையாக சோடா போட்ட மாவில் சேர்த்திருக்கிறார். சீனர்களின் சாவு வீட்டில் சிவப்பு கூடாது. அது கல்யாணத்துக்கும் புதுவருடத்துக்கும் உரிய நிறம். துக்கத்தில் இருப்பவர்கள் முன்னால் அதை வைத்தால் கொண்டாடுகிறாய் என்று அர்த்தம். தெரியாமல் அனுப்பிவிட்டார். வெட்டிப் பார்த்த அந்த வீட்டு மூத்த மகன் தட்டோடு கடை வாசலில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

"என்ன போட்டது அக்கா? சொல்லு. என்ன போட்டது?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மா கேக்கைப் பிட்டு முகர்ந்து பார்த்தார். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். சோடாவும் சுண்ணாம்பின் வேலையைத்தான் செய்திருக்கிறது. அம்மா நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை, என் நகங்களைப் பார்த்தார். பிறகு தவுக்கே பக்கம் திரும்பினார்.

"மஞ்சள் போட்டேன் தவுக்கே. நான்தான் போட்டேன். நிறத்துக்காக."

தவுக்கே, "நான் அக்காவ நம்புது" என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். ஏறி மிதிக்கவில்லை, தள்ளிக்கொண்டேதான் போனார்.

எனக்கு வந்த கோபத்தை இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். கண்டுபிடித்தது நான். பாலத்தின் கீழே உட்கார்ந்து நிறம் சேர்த்தது நான். இரண்டு டின்னாக விற்க வைத்தது நான். அத்தனையையும் அம்மா ஒரே வார்த்தையில் தன்னுடையதாக்கிக்கொண்டார் என்று நினைத்தேன். நல்லபடியாகப் போனபோது யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தேன், இப்போது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். வலித்தது. அதற்கும் சேர்த்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

எருமைகளை ஒருவர் கயிற்றோடு ஓட்டிக்கொண்டு போனார். அம்மா ஒரு துணிப்பையோடு ரயிலடிக்குக் கிளம்பினார். "வரேன்டா. அப்பா எழுந்தா சோறு இருக்குன்னு சொல்லு" என்றார். என் வேலையைத் தன் வேலை என்று சொன்னவரோடு எனக்கு என்ன பேச்சு. அவர் போன பிறகு, சத்தம் போடக் கூடாத அந்த வீட்டில், சத்தம் போட ஆள் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு அம்மா மாதத்துக்கு ஒருமுறை வந்தார். விருந்தாளி மாதிரி வந்து, விருந்தாளி மாதிரி போனார். கடைசிவரை வெண்ணெய் மட்டும் எடுக்கவே இல்லை.

அந்தச் சமயத்தில் இங்கிலாந்து ஐரோப்பியச் சந்தையில் சேர்ந்ததாம். காலங்காலமாக அங்கே வெண்ணெய் விற்ற நியூசிலாந்துக்காரர்களுக்கு வாசல் குறுகியது, கப்பல்களை எங்கள் பக்கம் திருப்பினார்கள். அந்தப் பெட்டிகளைத்தான் அப்பா இறக்கினார். லண்டனில் யாரோ கையெழுத்துப் போட்டதற்கு என் அம்மா பிரிக்பீல்ட்ஸ் போக வேண்டியிருந்தது. மஞ்சள் போட்டாலும் போடாவிட்டாலும் போயிருப்பார். அதுவும் எனக்கு அப்போது தெரியாது.

தவுக்கேயின் கடையை இப்போது நடத்துவது அவருடைய பேரன். என்னிடம்தான் பட்டர் வாங்குகிறான், மரியாதையான பையன். போன மாதம் நான் கடையில் உட்கார்ந்திருக்கும்போது வாடிக்கையாளர்களிடம் ஒரு கதை சொல்லிச் சிரித்தான். அந்தக் காலத்தில் ஓர் இந்தியப் பெண், வெண்ணெயில் மஞ்சள் கலந்து தாத்தாவை ஏமாற்றி, சாவு வீட்டில் அவர் மானத்தை வாங்கிவிட்டாளாம். எங்கள் சொந்தத்திலும் கல்யாண வீடுகளில் இதே கதைதான். "ஒங்கம்மா கைகாரி" என்று என்னிடமே சொல்கிறார்கள். நானும் இத்தனை வருடம் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

இனி முடியாது. என் அம்மா கலப்படம் செய்தவர் இல்லை. அவர் கொடுத்தது கடைசி டின் வரை வெறும் வெண்ணெய். பேரனும் சரி, சொந்தக்காரர்களும் சரி, இந்தக் கதையை இனிமேல் எங்கே சொன்னாலும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். மஞ்சள் போட்டது நான். உப்புப் போட்டதும் நான். அம்மா வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காகப் போட்டேன். அதைச் செய்தவனின் பெயருக்கு அதை எழுதுங்கள்.