கோரத்தான் வந்தோம்

என் வீட்டு முற்றத்துக் குழாயின் கீழே ஒரு அலுமினியச் சருவம் கிடக்கிறது. வீட்டுச் சமையலுக்கு ஆகிற பாத்திரம் அல்ல. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மொத்தத்துக்கும் கஞ்சி வைத்த சருவம். விளிம்பில் ஒரு இடம் உள்வாங்கி நெளிந்திருக்கும். மருமகள் இரண்டு தடவை அதைப் பழைய பாத்திரக்காரனிடம் போடப் பார்த்தாள். நான் சருவத்தின் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். எனக்குத் தெரிந்த சண்டை அவ்வளவுதான். அந்த நெளிவு ஒரு பஸ்ஸின் கதவு கொடுத்தது. இந்தச் சருவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நான் பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போன நாளை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நாலாம் வகுப்புவரை படித்தவள் நான். அந்த நாளை எழுதினால் என் மைனியைத்தான் எழுதியாக வேண்டும்.

மைனி என்றால் என் அண்ணன் மனைவி. தெருவுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். பஞ்சாயத்தில் பெண்களுக்கென்று வார்டு ஒதுக்கியபோது, பேருக்கு ஒரு பெண் வேண்டும் என்று தேடிவந்தவர்கள் அவளை நிறுத்தினார்கள். ஜெயித்த மறுநாளே அது பேருக்கு அல்ல என்று அவர்களுக்குத் தெரிந்துபோயிற்று. கழுத்தில் அளவுநாடாவைப் போட்டபடியே பஞ்சாயத்துக் கூட்டத்துக்குப் போவாள். யாராவது நீட்டி முழக்கிப் பேசினால் நாடாவை எடுத்து விரல்களில் சுற்ற ஆரம்பிப்பாளாம், பேசுகிறவர் தானாக முடித்துக்கொள்வாராம். ஊரே அவளை மெம்பர் என்றது. அவள் என்னை மிண்டாப்பூச்சி என்பாள். வாயே திறக்காத ஆளை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. நாலு பேர் நிற்கிற இடத்தில் பேச வேண்டும் என்றால் யார் முதுகுக்காவது பின்னால் போய் நின்றுகொள்வேன், இன்றைக்கும் அப்படித்தான்.

நான் அப்போது கேரளத்தின் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உச்சக்கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்குக் கஞ்சியும் பயறும். தமிழ் வகுப்பு, மலையாள வகுப்பு என்று பிள்ளைகள் தனித்தனியாக இருந்து படித்தாலும் கஞ்சிக்கு ஒரே வரிசைதான். காலையில் ஒன்றும் தின்னாமல் வருகிற பிள்ளைகள் யார் என்று எனக்குத் தெரியும். அவர்கள் மணி அடிக்கும் முன்பே சமையல்புரையின் வாசலைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அந்தக் கோடையில் கும்பம், அதாவது மாசி மாதம், பாதி தாண்டும் முன்பே பள்ளிக்கூடத்துக் கிணறு வற்றிவிட்டது. வாளியை இறக்கினால் மணலில் உரசும் சத்தம் கேட்கும். வயலோரத்துக் குளத்திலிருந்து சுமந்துவந்து கொஞ்ச நாள் ஒப்பேற்றினேன். பிறகு குளமும் பச்சையாகிப்போனது. அந்த நீரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று சுகாதார நர்ஸ் வந்து சொல்லிவிட்டுப் போனார். பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு, இந்த வாரத்துக்குள் குழாயில் தண்ணீர் வராவிட்டால் திங்கட்கிழமை முதல் கஞ்சியை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, அடுப்பைத்தான் பார்த்தார்.

குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெய்யாற்றிலிருந்து பம்பு செய்கிற ஒரே தண்ணீர்தான் நெய்யாற்றின்கரை டவுனுக்கும் எங்களுக்கும். பெரிய குழாய் டவுனைத் தாண்டி, மேடும் பள்ளமுமாக உதியன்குளங்கரை வந்து, பாறசாலை வந்து, கடைசியில் எங்கள் தெருவில் முடிகிறது. ஆறு மெலிந்தபோது தண்ணீர் ஆபீஸில் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று முறை வைத்தார்கள். இன்று டவுனுக்கு, நாளை எங்களுக்கு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒருநாள் முழுக்க அடைத்துக் கிடந்த குழாய் காய்ந்து வெறும் காற்றாகிவிடும். எங்கள் முறையன்று திறந்தால், அந்த நீளமான குழாயும் வழியில் உள்ள ஊர்களும் நிறைவதற்கே பொழுது சாய்ந்துவிடும். எங்கள் குழாய் புஸ்ஸென்று ஒரு மூச்சு விடும், அதோடு முறை முடிந்துவிடும். டவுன்காரர்கள் எங்கள் முறையிலும் திருட்டுத்தனமாக வால்வைத் திறக்கிறார்கள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். மைனியே பஞ்சாயத்தில் அப்படித்தான் சண்டை போட்டாள்.

கடைசியில் எல்லோருமாகப் போய் ஒரு மனு கொடுப்பது என்று அவள் முடிவு செய்தாள். பள்ளிக்கூடத்துத் தமிழ் சார் நல்ல தமிழில் மனு எழுதினார். கூடவே ஒரு அறிவிப்பும் எழுதித் தெருக்குழாய்த் தூணில் ஒட்டினார். ‘குடிநீர் கோர நெய்யாற்றின்கரை செல்வோம். செவ்வாய்க்கிழமை காலை. தாய்மார்கள் திரண்டு வருக.’ பெண்கள் என்னை நிறுத்தி வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தேன். தமிழ் சார் பிறந்த ஊர் கிழக்கே வெகுதூரம். அவர் ஊரில் கோருவது என்றால் கேட்பது. எங்கள் ஊரில் கோருவது என்றால் கிணற்றில் வாளி விட்டு இறைப்பது, குளத்தில் முக்கி அள்ளுவது. பொழுது விடிந்தால் வெள்ளம் கோரப் போகிறோம் என்றுதான் சொல்வோம். தண்ணீரை நாங்கள் வெள்ளம் என்போம். ஆகவே எனக்கும் சந்தேகம் வரவில்லை, கேட்டவர்களுக்கும் வரவில்லை. மெம்பர் எப்படியோ பேசி நெய்யாற்றின்கரையில் நமக்கு வெள்ளம் கோர ஏற்பாடு பண்ணிவிட்டாள் என்று தெரு முழுக்கச் செய்தி பரவிற்று.

செவ்வாய்க்கிழமை காலை பாறசாலை பஸ் நிறுத்தத்தில் மனுவும் கையுமாக நின்ற தமிழ் சார், பிளாஸ்டிக் குடமும் வாளியும் கிணற்றுக் கயிறுமாக ஒரு பெரும் பெண்கூட்டம் வருவதைப் பார்த்தார். கூட்டத்தின் நடுவில் கஞ்சிச் சருவத்தைச் சுமந்துகொண்டு நான். அன்றைக்குக் கோரி வந்தால் மறுநாள் கஞ்சிக்கு ஆகுமே என்று கணக்குப் போட்டிருந்தேன்.

“இதெல்லாம் எதுக்கும்மா?” என்றார்.

“வெள்ளம் கோரண்டாமா சாரே? நீங்கதானே எழுதி ஒட்டியிருக்கியோ” என்று முன்னால் நின்றவள் சொன்னாள்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் மைனிக்கு விஷயம் விளங்கியது. விளக்குத் தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பெண்கள் விஷயம் தெரிந்து வெட்கப்பட்டு, குடங்களைக் கடையில் வைத்துவிட்டு வரலாம் என்று திரும்பினார்கள். மைனி சிரிப்பை நிறுத்தினாள்.

“ஒருத்தியும் கீழ வைக்கப்பிடாது. கொண்டுவந்தது நல்லதாக்கும். காகிதத்த மேசையில போட்டுட்டுப் போயிருவாவ. இந்தச் சருவத்த எங்க போடுவாவ?”

பஸ்ஸில் கண்டக்டர் என்னை ஏற்றவே மாட்டேன் என்றார். ஆளுக்கு ஒரு டிக்கெட், சருவத்துக்கு லக்கேஜ், உள்ளே ஒரு ஆளை உட்காரவைத்திருந்தால் அவருக்கும் ஒன்று என்று கிண்டல் செய்தார். மைனி பின்னாலிருந்து என்னைத் தள்ளி ஏற்றினாள், கதவில் இடித்து விளிம்பு நெளிந்தது அப்போதுதான்.

நெய்யாற்றின்கரையில் இறங்கினோம். ஆபீஸ் திறக்க நேரம் இருந்தது. அதன் பக்கத்துத் தெருவில் ஒரு பொதுக்குழாய். அன்று டவுனின் முறை. குழாயிலிருந்து நீர் விழுந்துகொண்டிருந்தது. விரல் கனத்துக்குத்தான் விழுந்தது, ஆனாலும் விழுந்தது. குழாயில் நீர் விழுவதைப் பார்த்து எங்களுக்கு எத்தனையோ வாரமாகியிருந்தது. யாரும் சொல்லாமலே எங்கள் பெண்கள் போய் வரிசையின் கடைசியில் நின்றுவிட்டார்கள். டவுன் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாறசாலைக்காரிகள் குடத்தோடு படையெடுத்து வந்துவிட்டார்கள் என்று ஒரு குரல் எழுந்தது. குழாயடியில் முதலாவதாக நின்ற ஒரு சேச்சி இடுப்பில் கைவைத்து முன்னால் வந்தார். அகலமான உடம்பு, உரத்த குரல்.

“நிங்ஙளுக்கு இன்னலெ கிட்டியில்லே?” என்றார். நேற்று உங்களுக்குக் கிடைத்ததே, இன்று எங்கள் முறையிலும் வந்து நிற்கிறீர்களா என்று கேட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் நாங்கள் இங்கே காய்ந்து கிடக்கிறோம், அந்தத் தண்ணீரில் நீங்கள் அங்கே எருமை குளிப்பாட்டுகிறீர்களாம், கேள்விப்பட்டோம் என்றார்.

மைனி அவர் பக்கத்தில் போய் நின்றாள். “சேச்சி, எங்கள ஒருக்கா மோந்து பாருங்க. எரும குளிச்ச ஊரு மாதிரியா இருக்கு?”

சேச்சி கழுத்தை நீட்டினார். பிறகு அவர் மூக்கைச் சுருக்கியதில் வரிசையே சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் பேச்சு தொடங்கியது. எங்கள் குழாய் மூச்சு மட்டும்தான் விடும் என்று மைனி சொன்னபோது சேச்சி நம்பவில்லை. எங்கள் முறையில் நீங்கள் திறக்கிறீர்கள் என்றல்லவா நினைத்தோம் என்று மைனி சொன்னபோது சேச்சி தலையில் கைவைத்தார். அவர்கள் எங்களைத் திட்டியிருக்கிறார்கள், நாங்கள் அவர்களைத் திட்டியிருக்கிறோம். தண்ணீரோ நடுவழியில் குழாயை நனைப்பதிலேயே தீர்ந்திருக்கிறது. மைனி அளவுநாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துத் தரையில் நீளமாக விரித்தாள். ஒரு முனை நீங்கள், மறுமுனை நாங்கள் என்று விரலால் நகர்த்தி நகர்த்திக் காட்டினாள். விரல் பாதி நாடா போவதற்குள் பொழுது இருட்டிவிடுகிறது. சேச்சி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அந்த விரலைப் பிடித்து, இருட்டிய இடத்திலேயே நிற்கவிட்டு, மறுநாளும் அங்கிருந்தே தொடர்ந்தால் என்ன என்று மலையாளத்தில் கேட்டார். விரலைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போனவரும் அவர்தான். வரிசையில் ஒரு கிழவி, அப்படியென்றால் நமக்கு இரண்டு நாள் வறட்சி அல்லவா என்று முணுமுணுத்தாள். நமக்கும் பிறகு இரண்டு நாள் சேர்ந்து வரும் அம்மச்சி, பிடித்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று சேச்சி சொல்லிவிட்டு, தன் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஆபீஸை நோக்கி நடந்தார்.

அந்தச் சின்ன ஆபீஸில் இத்தனை குடம் அதற்கு முன்பு போயிருக்காது. என்ஜினீயர் சார் நல்ல மனிதர், பல நாள் தூக்கம் இல்லாத முகம். மனுவைத் தமிழில் எழுதியிருந்ததால் தமிழ் சாரையே வாசிக்கச் சொன்னார். அவர் தொண்டையைச் செருமி, ‘குடிநீர் கோரி’ என்று தொடங்கினார். என்ஜினீயர் கையை உயர்த்தி நிறுத்தினார். மலையாளத்தில் கோரி என்றால் அள்ளியாயிற்று என்று அர்த்தம். “கோரியெங்கில் பின்னெ எந்தினா வந்நது?” என்றார். அள்ளிவிட்டீர்கள் என்றால் பிறகு எதற்கு வந்தீர்கள் என்று.

தமிழ் சார் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மைனிக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். எல்லோரும் யாராவது பேசட்டும் என்று நின்றார்கள். எனக்குத் திங்கட்கிழமை கண்ணில் தெரிந்தது. சமையல்புரை வாசலைப் பார்க்கிற முகங்கள் தெரிந்தன. என்ன நடக்கிறது என்று எனக்கே புரியும் முன்பு என் குரல் வெளியே வந்துவிட்டது.

“கோரல்ல சாரே. கோரத்தான் வந்தோம்.”

சொல்லிவிட்டு, சருவத்தை இறக்கி அவர் முன்னால் கவிழ்த்து விரல் முட்டியால் தட்டினேன். காய்ந்த அலுமினியம் கோயில் மணி மாதிரி அந்த அறை முழுக்க முழங்கியது. பக்கத்து அறையிலிருந்தெல்லாம் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். என்ஜினீயர் சருவத்தின்மேல் கையை வைத்து அந்தச் சத்தத்தை அடக்கினார். பிறகு இது எதற்கான பாத்திரம் என்று கேட்டார். மைனி சொன்னாள், பள்ளிக்கூடம், கஞ்சி, திங்கட்கிழமை எல்லாவற்றையும் சொன்னாள். நாடாவை மேசைமேல் விரித்தாள். இரண்டு நாள் அவர்களுக்கு, இரண்டு நாள் நமக்கு என்று சேச்சி விரலை ஓட்டிக் காட்டினார். டவுன்காரர்கள் சம்மதிப்பார்களா என்று என்ஜினீயர் கேட்டார். நான் டவுன்காரிதான் என்று சேச்சி குடத்தால் மேசையை ஒரு இடி இடித்தார். என்ஜினீயர் வரைபடத்தை எடுத்துப் பார்த்தார், நாடாவைப் பார்த்தார், நாளையும் டவுனுக்கே இருக்கட்டும், வியாழக்கிழமை முதல் இரண்டு நாள் பாறசாலைக்கு என்று செய்து பார்ப்போம் என்றார்.

வியாழக்கிழமை எங்கள் குழாய் வழக்கம்போல மூச்சு மட்டும் விட்டது. பெண்கள் என்னைப் பார்த்தார்கள், நான் மைனியைப் பார்த்தேன். அவள், நாளைக்குப் பார் மக்கா என்றாள். வெள்ளிக்கிழமை முதல் மணி அடித்துக் கொஞ்ச நேரம் இருக்கும். பள்ளிக்கூடத்துக் குழாய் இருமியது. ஆளைப்போல இருமியது. துருவாகத் துப்பியது, நின்றது, மறுபடி துப்பியது. பிறகு ஒரு சீறலோடு நீர் வந்தது. நெளிந்த சருவத்தை இழுத்துக் கீழே வைத்தேன். நீர் அதன் அடியில் விழுந்த சத்தம் கேட்டு வகுப்புகளில் பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். டீச்சர்கள் அடக்கவில்லை. மைனி கேட்டைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள், ஓடிவந்த வேகத்தில் கையை நீருக்குள் விட்டு என் முகத்தில் அடித்தாள். அன்றைக்குக் கஞ்சி கொஞ்சம் தாமதமாகத்தான் ஆயிற்று. ஒரு பிள்ளையும் குறை சொல்லவில்லை. திங்கட்கிழமையும் கஞ்சி உண்டு என்று பெரிய டீச்சர் வரிசையின் முன்னால் நின்று இரண்டு மொழியிலும் சொன்னார்.

மழை வரும்வரை அந்த முறை நடந்தது. டவுனின் நாட்களில் எங்கள் குழாய் காய்ந்து கிடந்தபோது ஒருவரும் திட்டவில்லை. ஒருநாள் சேச்சி, வெள்ளம் உண்மையாகவே வருகிறதா என்று பார்க்க பஸ் ஏறி வந்தார். குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார். பயறில் உப்பு போதாது என்றார். அது உண்மைதான்.

பிறகு பள்ளிக்கூடத்தில் கஞ்சி போய்ச் சோறும் குழம்பும் வந்தது, புதிய பாத்திரங்கள் வந்தன. நான் வேலையை விட்டபோது எது வேண்டும் என்று கேட்டார்கள். சருவத்தைக் காட்டினேன். இப்போது வீட்டுக்கு வீடு குழாய் இருக்கிறது. கோடை முற்றும்போது அது இன்னும் மூச்சு விடுவது உண்டு. போன மீன மாதத்தில், பங்குனி வெயிலில், பக்கத்து வீட்டு மருமகள் டவுன்காரர்கள்தான் குடித்துத் தீர்க்கிறார்கள் என்று மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள். நான் உள்ளே போய் மைனியின் பழைய அளவுநாடாவை எடுத்துவந்து மதில்மேல் விரித்தேன். ஒரு முனை அவர்கள், மறுமுனை நாம் என்று விரலை வைத்து மெதுவாக நகர்த்தினேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

மைனிக்கு இப்போது முழங்கால் வலி, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவாள். கேட்டைத் திறக்கும்போதே குரல் வந்துவிடும்.

“எட்டி மிண்டாப்பூச்சி, கோரியாச்சா?”

“கோரியாச்சு மைனி.”

அவள் குழாயடிக்குப் போய்க் கைக்கம்பால் சருவத்தில் ஒரு தட்டு தட்டுவாள். அன்றைக்கு ஆபீஸே கேட்ட அந்தச் சத்தம் இப்போது வருவதில்லை. தும் என்று ஒரு சின்ன ஓசை, மேலே ஒரு சுழிப்பு, அந்த நெளிந்த விளிம்பு வழியாகக் கொஞ்சம் வெள்ளம் வழிந்து அவள் காலை நனைக்கும்.