நாலு மூலைத் தட்டு

"போறும், தட்டு காலியாயிடுத்து" என்றாள் என் மனைவி. தட்டு காலியாகவில்லை. வலது பாதியைத் துடைத்துவிட்ட மாதிரி சாப்பிட்டிருந்தாள். இடது பாதியில் சாதமும் கூட்டும் வைத்தது வைத்தபடி இருந்தன. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுக் கரமனை வீட்டுக்குத் திரும்பிய முதல் வாரம் அது. இடது கை விழுந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். இடது பக்கம் என்ற ஒன்றே அவளுக்கு இல்லாமல் போய்விட்டது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. அந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று தோன்றுவதில்லை, அவ்வளவுதான்.

தட்டைத் திருப்பி வைத்தால் போயிற்று என்று திருப்பி வைத்தேன்.

"மறுபடியும் போட்டேளா? ஏமாத்தி ஊட்டறதுக்கு நான் என்ன குழந்தையா?"

வட்டத் தட்டை எப்படித் திருப்பினாலும் வட்டம்தானே. திருப்பியது அவளுக்குத் தெரியவில்லை. சாதம் மறுபடி முளைத்தது மட்டும்தான் தெரிந்தது. வேளைக்கு ஒரு சண்டை, வேளைக்கு அரை வயிறு. ரவிக்கையெல்லாம் தொளதொளத்துப் போயிற்று. டாக்டர் எடை பார்த்துவிட்டு, இரண்டு மாதத்தில் இன்னும் இறங்கினால் மூக்கு வழியாக டியூப்தான் என்றார். "அதுக்கு என்னைக் கொண்டுபோய் ஆத்து ஜலத்துல தள்ளிடுங்கோ" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிப் பெண்தான் மலையாளத்தில் வழி சொன்னாள். "அம்மைக்குப் பிடிக்கான் ஒரு மூல கிட்டியால் மதி, ஸாரே." தட்டுக்கு மூலை இருந்தால் அதைப் பிடித்து அவளே திருப்பலாம்; நாலு மூலையும் வந்துபோனால் சாப்பாடு முடிந்தது என்று கணக்கு. பழவங்காடிக் கடைத்தெருவில் சதுர எவர்சில்வர் தட்டு வாங்கினேன். மேஜையில் வழுக்கிக்கொண்டு ஓடியது. சோறு போய் மூலைகளில் ஒளிந்துகொண்டது. வெளியே சதுரம், உள்ளே வட்டக் குழி, நகராமல் நிற்கக் கொஞ்சம் கனம். அப்படி ஒன்று எந்தக் கடையிலும் இல்லை. பின்கட்டில் என் லேத் இருந்தது. ரிட்டையர் ஆனதும் வாங்கிப் பம்பரமும் மத்தும் கடைந்து அவளிடம் கேலி வாங்கிய லேத். பலாப் பலகை வாங்கி வந்தேன்.

ஆழம் தெரியாமல் காலை விட்டேன். சதுரத்தைச் சுற்றவிட்டால் மூலைகள் கண்ணுக்கு மறைந்துவிடும். ஓரத்தில் நிழலாக ஒரு வளையம் தெரியும். அது காற்று என்று நினைத்து விரலை நீட்டினால் தொலைந்தது. உளிக்கு ஒரு கணம் மரம், மறு கணம் வெறும் காற்று. ஒவ்வொரு மூலையும் வந்து அடிக்கிறது. முதல் பலகை நாராகக் கிழிந்தது. இரண்டாவதில் குழியெல்லாம் அழகாக வந்து, கடைசி இழைப்பில் ஒரு மூலை பிய்ந்து சுவரில் மோதியது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. உளியை வீசி எறிந்துவிட்டுச் சாமியைத் திட்டினேன். மூன்றாவது பலகைக்கு நாலு பக்கமும் துண்டு மரம் ஒட்டி, உளி காற்றில் விழாமல் ஓரத்திலிருந்து உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகக் கடைந்து, பிறகு ஒட்டியதை அறுத்தெடுத்தேன். மூன்று வாரம் ஆகியிருந்தது.

அன்று மத்தியானம் அவள் மூலையைப் பிடித்துத் திருப்பினாள். "ஒண்ணு." சாப்பிட்டாள். "ரெண்டு." நாலும் ஆகித் தட்டு துப்புரவாகக் காலியாயிற்று. சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

"இதை என்ன பண்ணப் போறேள்?"

"அலம்பி வைக்கப் போறேன்."

"மரத்துல எச்சில் ஊறிடும். எவர்சில்வராட்டம் தேச்சா போகுமா? புது மரமேன்னு இன்னிக்குச் சாப்பிட்டேன். எலையாட்டம் எறிஞ்சுடுங்கோ."

எனக்குத் தெரியாத ஆசாரமா? நாற்பது வருஷம் அவளோடு குடித்தனம் செய்தவன், மூன்று வாரமும் அதை மறந்து கடைந்திருக்கிறேன். கோபம் தலைக்கேறியது. "உசிர் போயிண்டிருக்கு, இதுல எச்சில் பாக்கறயா?" என்று கத்தினேன்.

"உசிரோட இருக்கறச்சேதானே பாக்க முடியும்" என்றாள்.

மறுநாள் காலையில் தட்டை மறுபடி லேத்தில் மாட்டினேன். குழியிலும் விளிம்பிலும் காகித கனத்துக்கு ஒரு சுற்று சீவினேன். எச்சில் ஊறிய மரம் சுருளாகக் கீழே விழுந்தது. "புதுசா?" என்று கேட்டாள். "தொட்டுப் பாரு, புது மரம்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனால் சாப்பிட்டாள். தினம் காலையில் சீவல், மத்தியானம் நாலு மூலை. முகத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. தட்டு மெலிந்தது. இன்னொன்று கடையப் போனபோது மூலை வந்து அடித்து வலது கை விரல் முட்டி பெயர்ந்தது. அந்தக் கையால் சீவத்தான் முடிந்தது, புதிதாகக் கடைய முடியவில்லை. அடிப்பலகையில் விரலை வைத்து அழுத்திப் பார்ப்பேன். பயமாக இருக்கும்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டு முடித்தவள் தட்டைக் கையில் தூக்கினாள். "ஏன்னா, இது லேசாயிண்டே வரதே."

சொல்லிவிட்டேன். இனி மறைக்க என்னிடம் மரமும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவள் தட்டின் அடியைத் தடவினாள்.

"இன்னும் எத்தனை நாளைக்கு வரும்?"

"மூணு நாள். அப்பறம் ஓட்டை விழுந்துடும்."

"அப்பறம்?"

"தெரியலை."

என் வீங்கிய கையைப் பார்த்தாள். பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "இனிமே சீவ வேண்டாம். அலம்பி வையுங்கோ, போறும்."

இதற்காகத்தான் முதல் நாள் அவளிடம் கத்தியிருந்தேன். முற்றத்தில் உட்கார்ந்து தட்டை அலம்பினேன். அந்த வீட்டில் ஒரு பாத்திரத்தை நான் அலம்பி, அவள் அதில் குற்றம் கண்டுபிடிக்காத நாள் கிடையாது. "நன்னாத் தேச்சேளா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும் என்று ஈரத் தட்டோடு அங்கேயே நின்றேன். அவள் கேட்கவில்லை.