காலிப் பையோடு நடந்தவர்

செய்தி வந்தபோது நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். மும்தாஜ் அக்காவின் மருமகள் ஷம்சாத் போன் செய்தாள். "ஆன்ட்டி, மாமி மவுத்தாயிட்டாங்க. தொழுத பாயிலயே சாஞ்சுட்டாங்க" என்றாள். ஏரிக்கரையில் அக்கா எனக்காக நின்றிருக்க வேண்டிய நேரம் அது.

கொடைக்கானல் பஜாரில் ஸ்வெட்டர் வாங்கியவர்களுக்கெல்லாம் அக்காவைத் தெரியும். கணவர் இறந்த பிறகு அந்த ஸ்வெட்டர் கடையைத் தனியாளாக நடத்தியவர். பக்கத்து ஜெராக்ஸ் கடை என்னுடையது. துக்க வீட்டில் ஒருவர் என் காதுபடவே, "தெனமும் ஏரியைச் சுத்துனாங்க, என்ன பிரயோசனம்? ஹார்ட் அட்டாக் வராமலா இருந்துச்சு?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மையத்து கிடக்கிற வீடு என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவருக்கான பதிலையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சர்க்கரை. பாதத்தில் ஒரு புண் ஆறாமல் இழுத்தடித்து, ஒருவழியாக ஆறியபோது டாக்டர், "நடங்க, இல்லேன்னா அடுத்த தடவை காலுக்கு நான் பொறுப்பில்லை" என்று சொல்லிவிட்டார். பயந்துபோய் ஷூ வாங்கினேன். முதல்நாள் ஏரி ரோட்டில் இறங்கியதுமே பால் வண்டிக்காரர் நிறுத்தி, "என்னக்கா, ஆஸ்பத்திரிக்கா? ஏறுங்க" என்றார். அடுத்து ஆட்டோ நின்றது. இன்னொரு புண்ணியவான் என் வீட்டுக்காரருக்கே போன் போட்டு, வீட்டில் ஏதும் சண்டையா என்று விசாரித்துவிட்டார். எங்கள் ஊரில் சோலி இல்லாமல் நடப்பவர்கள் டூரிஸ்ட்டுகள் மட்டும்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. சில நாட்களிலேயே ஷூ கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

அக்கா எனக்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. கடையிலிருந்து ஒரு துணிப் பையை எடுத்து நீட்டினார். "இதைக் கையில வச்சுக்க. பை இருந்தா ஒருத்தனும் கேக்க மாட்டான். ஏதோ சோலியாப் போறான்னு நெனச்சுக்குவான். நான் அப்படித்தான் போறேன்." மறுநாள் வெள்ளனே இருவரும் ஆளுக்கொரு காலிப் பையோடு கிளம்பினோம். அதே பால் வண்டிக்காரர் ஹாரன் அடித்துவிட்டு அவர் பாட்டுக்குப் போனார். ஒருவர் மட்டும் பையைப் பார்த்து, "மீன் வந்துருச்சாக்கா?" என்றார். "இன்னும் வரலைங்க" என்றார் அக்கா, முகம் மாறாமல். அந்த மனிதர் திரும்பி வீட்டுக்கே போய்விட்டார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் மதகுச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். "பொய்யா சொன்னேன்? வரலைதானே?" என்றார் அக்கா.

சாக்குச் சொல்வதில் நான் கெட்டிக்காரி. ஒருநாள் பனிக்குள் ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு காட்டுமாடு நின்றது. நல்லதாய்ப் போயிற்று என்று, "மாடு நிக்குதுக்கா, திரும்பிருவோம்" என்றேன். அக்கா தள்ளி நின்று சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "அதுக்கும் சோலி இருக்கும். முடிச்சுட்டுப் போகட்டும், நிப்போம்." குளிரில் பல் கிடுகிடுக்க நின்றோம். மாடு சாவகாசமாகப் போனது. அன்று முழுச் சுற்றும் நடந்தோம், நான் திட்டிக்கொண்டேதான் வந்தேன்.

"இப்படி நடந்தா நூறு வயசு இருப்போமாக்கா?" என்று ஒருமுறை கேட்டேன். "அது அல்லா கையில இருக்கு. இருக்குற வரைக்கும் அடுத்தவங்க தோளைப் புடிக்காம கக்கூசுக்குப் போகணும். அதுக்குத்தான் நடக்கேன்" என்றார். கடைசி நாள் வரைக்கும் அப்படித்தான் போனார். பஜார் ஏற்றத்தை நிற்காமல் ஏறி, ஷட்டரைத் தானே தூக்கினார். பிரயோசனம் என்ன என்று கேட்டவருக்குச் சொல்கிறேன், அதுதான் பிரயோசனம்.

எந்தப் பழக்கத்திலும் ஒருநாள் விட்டுவிட்டால் எனக்கு வெட்கம் வரும். அந்த வெட்கத்திலேயே பத்து நாள் போய்விடும். அக்காவோடு நடக்கும்போதும் மழை, விருந்தாளி, வெறும் சோம்பேறித்தனம் என்று விட்டதுண்டு. ஏன் வரவில்லை என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நானாகவே காரணம் சொல்ல ஆரம்பித்தாலும், "சரி, இன்னைக்குக் குளிரு கம்மி. வெரசா வா" என்று முன்னால் போய்க்கொண்டிருப்பார்.

அவர் போன பிறகு நான் ஏரிப் பக்கமே போகவில்லை. தனியாக அந்த ரோட்டு வளைவுகளைப் பார்க்கத் தெம்பில்லை. சர்க்கரை ஏறியது. பாதம் மறுபடி மரத்துப்போக ஆரம்பித்தது. போன வாரம் ஒருநாள், காலுக்குப் பயந்துதான், எழுந்து போனேன். ஏரிக்கரையில் ஷம்சாத் நின்றிருந்தாள். புர்காவுக்குக் கீழே ரப்பர் செருப்பு. தானாக வந்திருக்கிறாள், நடக்கத் துணிச்சல் வராமல் நின்றுகொண்டிருக்கிறாள்.

என்னைப் பார்த்ததும் அவள் கண் கலங்கியது. "மாமி எத்தனை தடவை கூப்புட்டாங்க ஆன்ட்டி. ஒரு தடவைகூட நான் வரல. அவங்க இருக்கும்போதே..."

அவளை நான் முடிக்கவிடவில்லை. "செருப்பு வழுக்கும், ஓரமா வா" என்று சொல்லி நடக்க ஆரம்பித்தேன். பின்னால் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தமும், கொஞ்சம் கழித்து அவள் காலடிச் சத்தமும் கேட்டன. விட்டுப்போன நாட்களைப் பற்றிக் கேட்காத அந்தப் பெரிய மனசில் ஒரு துளியை நான் அக்காவிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் மிச்சமிருப்பது அதுதான்.

பாதி ஏரி தாண்டியதும் ஷம்சாத் என் பக்கத்தில் வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்கியது. "நாளைக்கும் இதே நேரந்தானா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.